உராய்வு யாருடைய குற்றம்?

இயற்பியல் படிக்காதவர்களும் நன்கு அறிந்த இயற்பியல் சொல் ஒன்று விருதுநகர் மாவட்டத்தில் உண்டு. அது 'உராய்வு'. பட்டாசு ஆலை ஒன்றில் வெடிவிபத்து நேர்ந்த மறுநாள் செய்தித்தாளைப் பிரித்துப் பாருங்கள். மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு விபத்து நிகழ்ந்ததாகக் கூறப்படுகிறது என்ற வாசகம் பெரும்பாலும் அதில் இருக்கும். ஊரின் பெயரும் இறந்தோர் எண்ணிக்கையும் மாறும். அந்த வாசகம் மட்டும் மாறுவதில்லை. முதலாமாண்டு வகுப்பில் உராய்வு விசையைப் பற்றி நான் பாடம் தொடங்கும்போது, வேறு ஊர் மாணவர்கள் சாய்தளத்தையும் மரக்கட்டையையும் நினைப்பார்கள். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்து மாணவர்கள் முகம் வேறாக இருக்கும்.

இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் அந்த வாசகத்தின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. அது பொய் என்று நான் சொல்லவில்லை. நீண்ட சங்கிலி ஒன்றின் கடைசிக் கண்ணியை மட்டும் அது காட்டுகிறது. அந்தக் கண்ணி ஒரு கையில் இருக்கிறது. அந்தக் கை தொழிலாளியுடையது. ஆகவே படிப்பவர் மனத்தில் குற்றவாளியும் அவரே ஆகிவிடுகிறார். இக்குறை செய்தித்தாளோடு நின்றிருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். தொழிலாளர்க்கு அளிக்கப்படும் பாதுகாப்புப் பயிற்சியிலும் இது புகுந்திருக்கிறது.

பயிற்சியே இல்லை என்று எவரும் சொல்ல இயலாது. சிவகாசியில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பின் பட்டாசு ஆய்வு மையமும் அங்கே உண்டு. வகுப்புகள் நடக்கின்றன. போர்மேன்களும் தொழிலாளர்களும் வந்து கையெழுத்திட்டு அமர்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லப்படும் விதிகளும் பெரும்பாலும் சரியானவையே. எனினும் அவை சொல்லப்படும் முறையை ஒரு தமிழாசிரியர் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று.

நான் பார்த்த பயிற்சித் தாள்களிலும் ஆலை வாசற் பலகைகளிலும் இருப்பவை இவை போன்ற கட்டளைகள்: இரும்புக் கருவி பயன்படுத்தாதே. மருந்தை அழுத்தித் தேய்க்காதே. செயற்கை இழைத் துணி உடுத்தாதே. அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொடு. ஓர் அறையில் நால்வருக்கு மேல் இராதே. அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து வைக்காதே. மீதி மருந்தை இரவில் விட்டுச் செல்லாதே.

இவற்றின் எழுவாய் எது? எல்லாவற்றிற்கும் 'நீ' என்பதே எழுவாய். இரும்புக் கருவியை எடுக்காமலிருப்பது தொழிலாளி கையில் இருக்கலாம். (பித்தளைக் கருவியை வாங்கித் தர வேண்டியவர் வேறொருவர் என்பதை இப்போதைக்கு மறந்துவிடுவோம்.) 'நால்வருக்கு மேல் இராதே' என்பதற்கு அவர் எப்படிக் கீழ்ப்படிவார்? ஐந்தாவது ஆளை அறைக்குள் அனுப்பியவர் அவரல்லர். மருந்தை நிறுத்து அனுப்பியவரும் அவரல்லர். தம் அதிகாரத்தில் இல்லாத ஒன்றைச் செய்யாதே என்று ஒருவரிடம் கூறிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்வதைப் பயிற்சி என்று சொல்லலாமா?

இது முதற்குறை. அடுத்தது, 'ஏன்' என்பது அந்தத் தாள்களில் இல்லை. உராய்வையே எடுத்துக்கொள்வோம். தேய்த்தால் சூடாகும் என்பதைக் கையை உரசிப் பார்த்தே அறியலாம். அப்படியானால் மருந்தை மெதுவாகத் தேய்த்தால் மெதுவாகத்தானே சூடாக வேண்டும், சூடு தெரிந்ததும் நிறுத்திவிடலாமே என்று ஒருவர் கேட்டால் பலகை என்ன விடை தரும்?

விடை சிவகாசியின் இன்னொரு தொழிலிலேயே இருக்கிறது. 1920களில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் அது. தீக்குச்சியின் தலையிலும் பெட்டியின் பக்கத்திலும் கண்ணாடித் தூள் சேர்ப்பார்கள். கண்ணாடி எரியாத பொருளாயிற்றே, அது எதற்கு? கடினமான சிறு துகள் ஒன்று இடையில் சிக்கும்போது, நம் விரலின் விசை முழுவதும் அத்துகளின் முனையில் குவிகிறது. 1 கிலோகிராம் எடையளவு விசை, அதாவது ஏறத்தாழ 10 நியூட்டன், 0.01 சதுர மில்லிமீட்டர் பரப்பில் விழுந்தால் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 10,000 மடங்காகிறது. கையில் சூடே தெரியாது. அந்த ஊசிமுனைப் புள்ளியில் மட்டும் பற்றும் வெப்பநிலை வந்துவிடும். தீக்குச்சியில் நாம் வேண்டுமென்றே செய்யும் இதே செயலை, மருந்தில் விழுந்த ஒரு மணற்பரல் நம்மைக் கேளாமலே செய்கிறது. அறையைப் பெருக்கு, சல்லடையைத் தட்டிப் பார், காலைக் கழுவிக்கொண்டு வா என்ற விதிகளெல்லாம் இந்த ஒரு பரலுக்காகவே. காரணம் தெரிந்தவர் பலகையில் எழுதாத பத்து விதிகளைத் தாமே கண்டுபிடிப்பார். காரணம் தெரியாதவருக்கு எழுதிய விதியும் ஒரு நாள் மறந்துபோகும்.

மறந்துபோவதற்கும் காரணம் இருக்கிறது, மாணவ நண்பர்களே. எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்பவர் ஒரு நாளில் ஆயிரம் குழாய்களில் மருந்து செலுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். சற்று முரட்டுத்தனமாகச் செலுத்தினால் லட்சத்தில் ஒரு முறை தீப்பற்றும் என்றும் வைத்துக்கொள்வோம். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்களே. முதல் நாள் ஒன்றும் ஆகாது. முதல் மாதமும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. 'மெதுவாகச் செலுத்து' என்ற பயிற்சியாளர் சொல் பொய் என்றும், வேகமாகச் செலுத்தினால் கூலி கூடும் என்பது மெய் என்றும் அவருடைய அனுபவம் நாள்தோறும் அவருக்குக் கற்பிக்கிறது. சராசரியாக நூறாவது நாளில் அனுபவம் தவறிவிடும். அதிலிருந்து பாடம் கற்க அவர் இருக்க மாட்டார். அனுபவத்தை நம்பாதே என்று ஒருவரை இணங்கச் செய்யக் காரணம் வேண்டும், கணக்கு வேண்டும். கூடவே, வேகத்துக்குப் பரிசு தராத கூலிமுறையும் வேண்டும். இந்த மூன்றாவதைப் பற்றி எந்தப் பயிற்சித் தாளிலும் நான் ஒரு வரி கண்டதில்லை.

செம்புத் தகட்டின் கதை இன்னும் சுவையானது. என் மாணவன் ஒருவனின் தாய் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் வேலை செய்கிறார். "அம்மா தினமும் அந்தத் தகட்டைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் சார் உள்ள போவாங்க" என்று அவன் ஒரு நாள் சொன்னான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோயிற் படியைத் தொடுவதுபோல் அதைத் தொடுமாறுதானே நாம் அவருக்குக் கற்பித்திருக்கிறோம்?

அந்தத் தகடு செய்யும் வேலை இதுதான். நடக்கும்போதும் துணி உரசும்போதும் நம் உடலில் மின்னூட்டம் சேர்கிறது. மனித உடல் ஏறத்தாழ 150 பிகோஃபாரடு கொண்ட ஒரு மின்தேக்கி எனலாம். வறண்ட நாளில், ரப்பர்ச் செருப்பும் பாலியெஸ்டர் புடவையுமாக இருப்பவர் உடலில் 10,000 வோல்ட் வரை சேர்வது வியப்பன்று. ஆற்றலைக் கணக்கிட்டால் 7.5 மில்லிஜூல் வருகிறது. அரைக்கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது வெளிப்படும் ஆற்றலில் இது ஏறத்தாழ 650இல் ஒரு பங்குதான். எனினும் இது முழுவதும் ஒரு மெல்லிய பொறியில், கண்ணிமைப்பதற்கும் மிகக் குறைந்த நேரத்தில் வெளிப்படுகிறது. உலோகத் தூள் கலந்த நுண்மருந்து சிலவற்றைப் பற்றவைக்க அது போதும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்குக் கீழே பொறி பாய்ந்தால் நமக்குச் சுருக்கென்ற உணர்வே வராது. ஆகவே 'எனக்கு ஷாக் அடிக்கவில்லையே' என்பது சான்றாகாது. மழை குறைந்த வறண்ட காற்று தீப்பெட்டியும் பட்டாசும் உலர்வதற்கு ஏற்றது என்பதால்தான் இத்தொழில்கள் இவ்வட்டாரத்தில் வேர் பிடித்தன என்பர். அதே வறட்சிதான் மின்னூட்டம் காற்றில் கசிந்து போகாமல் உடலிலேயே தங்கவும் இடம் தருகிறது.

செம்புத் தகடு கம்பி வழியாகப் பூமியோடு இணைந்திருக்கிறது. தொட்டவுடன் மின்னூட்டம் மண்ணுக்குள் இறங்கிவிடும். தொட்டபின் ரப்பர்ச் செருப்போடு பத்தடி நடந்தால் மீண்டும் சேர்ந்துவிடும். இந்த இரண்டாவது செய்தியைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொன்னால், காலையில் ஒரு முறை தொட்டுவிட்டு மாலை வரை நிம்மதியாக இருப்பார்கள்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், அம்மாணவனின் ஊரில் ஒரு வேப்பமரத்தடியில் நாங்கள் ஒரு சிறு சோதனை செய்து காட்டினோம். ஒரு ஜாம் பாட்டில், ஒரு செம்புக் கம்பி, மெல்லிய அலுமினியத் தாள் கீற்றுகள் இரண்டு. இவற்றால் ஆன மின்காட்டி அது. மாணவன் பிளாஸ்டிக் முக்காலிமேல் நின்று மின்காட்டியின் முனையைத் தொட்டுக்கொண்டான். இன்னொருவன் பாலியெஸ்டர் துணியால் அவன் முதுகில் நாலு தட்டுத் தட்டினான். கீற்றுகள் விரிந்தன. அடிபம்பில் கட்டிய கம்பியின் மறுமுனையை அவன் மற்றொரு கையால் தொட்டதும் அவை சட்டென்று மூடிக்கொண்டன. வந்திருந்த பெண்கள் பதினைந்து பேர் இருக்கும். எழுந்து கிட்டே வந்துவிட்டார்கள். பிறகு கம்பியை நடுவில் ஓரிடத்தில் அறுத்துவிட்டு மறுபடி செய்தோம். இம்முறை தொட்டும் கீற்றுகள் மூடவில்லை.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மாணவனின் தாய் கேட்டார்: "அப்ப, எங்க ரூம் தகட்டுக் கம்பி உள்ள அந்து கெடந்தா, நாங்க தொட்டு என்ன சார் புண்ணியம்? அது நல்லா இருக்குன்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

என் பத்தாண்டு ஆசிரியப் பணியில் இதைவிடச் சிறந்த கேள்வியை நான் கேட்டதில்லை. மருந்து இருக்கும் அறையில் எங்கள் ஜாம் பாட்டிலைக் கொண்டு சோதிப்பது பேராபத்து. அதை அப்போதே சொல்லிவிட்டேன். நிலத்தொடர்பின் மின்தடையை அளக்கத் தனிக் கருவி உண்டு. அளக்க வேண்டியது நிருவாகத்தின் கடமை. ரேஷன் கடைத் தராசில்கூட முத்திரையும் ஆண்டும் இருக்கின்றன. அறைக் கதவில், இன்ன தேதியில் அளந்தோம், இத்தனை ஓம் என்று ஒரு சீட்டு ஒட்டுவதற்கு என்ன செலவாகும்? 'தகட்டைத் தொடு' என்று தொழிலாளிக்குக் கற்பிக்கும் பயிற்சி, 'சீட்டைக் கேள்' என்றும் கற்பித்தால்தான் முழுமை பெறும்.

உராய்வே இல்லாமல் நேரும் விபத்தும் உண்டு. அலுமினியத் தூளும் வெடியுப்பும் கலந்த மருந்து ஈரம் பட்டால் தானே மெல்ல வினைபுரிந்து வெப்பத்தை வெளிவிடும். சிறிதளவாகப் பரப்பி வைத்தால் வெப்பம் காற்றில் போய்விடும். குவித்து மூடி வைத்தால் உள்ளேயே தங்கி வினையை இன்னும் விரைவாக்கும். இதைத் தடுக்கவே போரிக் அமிலம் சிறிது சேர்ப்பதுண்டு. மீதி மருந்தை இரவில் விட்டுச் செல்லாதே என்ற விதிக்கு இதுவே காரணம். இத்தகைய அறையை மறுநாள் காலையில் திறப்பவர் எதையும் தேய்த்திருக்க மாட்டார். ஆயினும் செய்தியில் 'உராய்வு' என்றே வரக்கூடும்.

இனி அறைக்கு வெளியே வருவோம். கொட்டகைகளுக்கு நடுவே ஏன் அவ்வளவு வெற்றிடம் விடுகிறார்கள் என்று இப்பக்கம் பேருந்தில் போகும்போது நீங்கள் எண்ணியிருக்கலாம். வெடிப்பின் அழுத்த அலை ஒரே வலிமையோடு எட்டும் தூரம், வெடிபொருள் நிறையின் கனமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். மருந்து 8 மடங்கானால் அந்தத் தூரம் 2 மடங்காகும். 27 மடங்கானால் 3 மடங்காகும். குறிப்பிட்ட அளவு மருந்துக்கென்று கணித்த இடைவெளி, அளவு 8 மடங்கானபோது பாதியாகச் சுருங்கிவிட்டதற்குச் சமம். மண்ணில் அடிக்கோல் வைத்து அளந்தால் அதே தூரம்தான் இருக்கும். உள்ளே குனிந்து வேலை செய்பவருக்கு இது தெரியவே தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர் மருந்தை நிறுத்துக் கொடுப்பவர்.

பெரிய விபத்துகளை இந்தக் கண்கொண்டு பாருங்கள். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். முதல் தீயைக் கண்டு உதவிக்கு ஓடி வந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அவர்களுள் பலர். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூருக்கு அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் இறந்தனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து அதை விசாரித்தது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, வேறு சிலர் ஆலையை நடத்தும் உள்குத்தகை முறை அப்போது வெகுவாகப் பேசப்பட்டது. 2023 அக்டோபர் 17ஆம் நாள் ரெங்கபாளையத்தில், மாதிரிக்கு வெடித்துப் பார்த்த பட்டாசின் பொறி பட்டதாகச் செய்திகள் கூறின. 2024 மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை மாதம் சின்னக்காமன்பட்டி. இவற்றுள் இரண்டு தீபாவளி அவசரக் காலத்தில் நேர்ந்தவை. நான்கைந்து புள்ளிகளைக் கொண்டு வரைபடம் வரையக்கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்பவன் நான்; ஆகவே அதற்குமேல் சொல்லவில்லை. உள்குத்தகையையும் இருப்பின் அளவையும் ஆட்களின் எண்ணிக்கையையும் ஒரு மருந்து செலுத்தும் பெண் எவ்வளவு பயிற்சி பெற்றாலும் மாற்ற முடியுமா என்பதை மட்டும் கேட்கிறேன்.

அமெரிக்காவில் டூபாண்ட் குடும்பத்தார் 1802இல் ஆற்றங்கரையில் வெடிமருந்து ஆலை தொடங்கியபோது, கட்டடங்களின் மூன்று பக்கம் தடித்த கற்சுவரும் ஆற்றுப்பக்கம் மெலிந்த சுவரும் வைத்தார்கள். வெடித்தால் வேகம் ஆற்றின்மேல் போகும். உரிமையாளரின் வீடு ஆலைக்கு மேலேயே மேட்டில் இருந்தது. 1818ஆம் ஆண்டு வெடிப்பில் 30க்கு மேற்பட்டோர் இறந்தபோது அவ்வீடும் சேதமடைந்தது. உள்குத்தகைக்கு விட்டவர் வீடு எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

தீப்பெட்டித் தொழிலின் பழைய வரலாறும் நமக்கு உதவும். சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் ஐரோப்பாவில் வெண்பாஸ்பரஸ் கொண்டு தீக்குச்சி செய்தார்கள். அதன் புகையால் தொழிலாளரின் தாடை எலும்பு அழுகியது. கைகழுவச் சொன்னார்கள், பற்களைச் சோதித்தார்கள். நோய் நிற்கவில்லை. 1888இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகு ஊரார் கவனம் இதன்மேல் திரும்பியது. 1906இல் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி வெண்பாஸ்பரஸ் தீக்குச்சியையே விலக்க ஒப்பந்தம் செய்தன. பொருள் மாறியது, நோய் போயிற்று. நம் நாட்டிலும் குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த வெடிகலவை சிறு உரசலுக்கும் வெடிப்பது என்பதால் 1992இல் தடைசெய்யப்பட்டது. மெதுவாகத் தேய்க்கக் கற்பிப்பதைவிட, தேய்த்தாலும் எளிதில் பற்றாத பொருளைக் கொடுப்பது மேல் என்பதை அரசே அன்று ஒப்புக்கொண்டிருக்கிறது. கலவையைத் தொலைவிலிருந்து இயக்கும் எந்திரத்தால் கலப்பது, மருந்தை மிகச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்துக் கொடுப்பது போன்றவை இதற்கு அடுத்த படிகள். இவையெல்லாம் செய்தபின் எஞ்சும் ஆபத்துக்குத்தான் பயிற்சி. நம்மிடம் வரிசை தலைகீழாக இருக்கிறது.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கொள்ளக்கூடாது. இன்னும் அதிகமாக வேண்டும். வேறு ஆட்களுக்கும் வேண்டும். உரிமம் பெற்றவரும், அவரிடம் குத்தகைக்கு எடுத்தவரும், நிறுத்துக் கொடுக்கும் கணக்கரும், தீபாவளிக்கு முன் 'இன்னும் நூறு பெட்டி' என்று தொலைபேசியில் நெருக்கும் வியாபாரியும் அதே பெஞ்சில் அமர்ந்து கனமூலக் கணக்கைப் போட வேண்டும். போபால் நச்சுவாயுக் கசிவுக்குப் பின், 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. உடனடி ஆபத்து இருப்பதாக அஞ்சும் தொழிலாளி அதை நிருவாகத்துக்குச் சுட்டிக்காட்டலாம். நிருவாகம் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்திலும் அவ்வுரிமைக்கு இடமுண்டு. வேப்பமரத்தடியில் வந்திருந்த பதினைந்து பேரிடமும் இதைப் பற்றிக் கேட்டேன். செம்புத் தகட்டை அனைவரும் அறிந்திருந்தார்கள். இதை ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

மாணவனின் தாய் மறுவாரம் தம் போர்மேனிடம் தகட்டைக் கடைசியாக அளந்தது எப்போது என்று கேட்டிருக்கிறார். "உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்?" என்றாராம் அவர். இரண்டு நாள் கழித்து அவரே மாணவனைக் கூப்பிட்டு, அந்த ஜாம் பாட்டிலைத் தாமும் பார்க்கலாமா என்று விசாரித்தாராம். அடுத்த ஞாயிறு அவரையும், வர விரும்பும் மற்ற போர்மேன்களையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன். மூவர் வருவதாகத் தகவல்.